மலைக்குப் போனவர்கள் ஏன் இன்னும் இறங்கவில்லை? வடசென்னைக் குடும்பங்களுக்கான கேள்வி பதில்

தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர், எண்ணூர் பக்கமிருந்து விடுமுறை நாளில் வேன் பிடித்து மலை ஏறப் போகும் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். பெரும்பாலானவை ஒரே கவலையின் பல முகங்கள். மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம் என்று கிளம்பியவர்கள் ஏன் விளக்கு வைத்த பிறகு வந்து சேர்கிறார்கள்? பதில்களில் கொஞ்சம் கண்டிப்பு இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

“போய்வர இரண்டு மணி நேரம்” என்றுதான் சொன்னார்கள். எங்களுக்கு மட்டும் ஏன் ஐந்து மணி நேரம் ஆனது?

சொன்னவர் பொய் சொல்லவில்லை. தன் கால்களை வைத்துக் கணக்குச் சொல்லியிருக்கிறார்.

1892-இல் வில்லியம் நைஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி ஒரு கணக்கு வகுத்தார். 5 கிலோமீட்டர் நடக்க ஒரு மணி நேரம். ஏறும் ஒவ்வொரு 600 மீட்டர் உயரத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். மலையேறுகிறவர்கள் இன்றும் இதைத்தான் கைக்கணக்காக வைத்திருக்கிறார்கள். போய்வர 8 கிலோமீட்டர், 200 மீட்டர் ஏற்றம் என்று வைத்துக்கொண்டால் 1 மணி 36 நிமிடம், அதோடு 20 நிமிடம். இரண்டு மணி நேரத்துக்குள் அடங்கிவிடுகிறது. ஆனால் நைஸ்மித் மனதில் இருந்த ஆள் உடல்வலு உள்ளவர், வழியில் எங்கும் உட்காராதவர். அவர் இடுப்பில் குழந்தை இல்லை. கையில் எவர்சில்வர் தூக்கும் இல்லை.

குடும்பத்தின் கணக்கு வேறு. பத்துப் பேர் போகிறீர்கள். ஒவ்வொருவரும் ஒரே ஒரு முறை, மூன்றே நிமிடம் நிற்கிறார்கள் என்று வையுங்கள். ஒருவருக்குச் செருப்பில் கல், ஒருவருக்குத் தண்ணீர், ஒருவருக்குப் போட்டோ, ஒரு குழந்தைக்கு ஒன்றுக்குப் போக வேண்டும். எல்லோரும் ஒரே நேரத்தில் நிற்பதில்லை. ஆனால் ஒருவர் நின்றால் பத்துப் பேரும் நிற்கத்தான் வேண்டும். அரை மணி நேரம் போனதே தெரியாது. இது ஒரு சுற்றுக்கான கணக்கு. நிஜத்தில் ஐந்தாறு சுற்று வரும்.

இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. அதை யாரும் கவனிப்பதில்லை. இளவட்டங்கள் வேகமாக முன்னே போய் ஒரு பாறை நிழலில் உட்கார்ந்து அத்தைக்காகக் காத்திருப்பார்கள். பத்து நிமிடம் கழித்து அத்தை மூச்சு வாங்கியபடி வந்து சேருவார். “வந்துட்டாங்க, கிளம்புங்க” என்று எல்லோரும் எழுந்துவிடுவார்கள். ஓய்வே தேவைப்படாதவர்களுக்குப் பத்து நிமிட ஓய்வு. ஓய்வு தேவைப்பட்ட ஒரே ஆளுக்கு ஒரு நிமிடம்கூட இல்லை. இப்படி நான்கு பாறை தாண்டினால் அத்தையின் நடை பாதியாகிவிடும். கூட்டத்தின் நடையும் அதோடு பாதிதான். கடைசி ஆள் வந்து உட்கார்ந்த பிறகே ஓய்வு நேரத்தை எண்ணத் தொடங்க வேண்டும். இந்த ஒன்றை மட்டும் கடைப்பிடித்தாலே மாலையில் ஒரு மணி நேரம் மிச்சமாகும்.

வழியில் ஆடு மேய்ப்பவரைக் கேட்டால் “இதோ, கூப்பிடு தூரம்தான்” என்பார். அவர் கூப்பிட்டால் எதிர்மலையில் இருக்கும் ஆடு திரும்பிப் பார்க்கும். நம் குரலுக்கு அந்தத் தூரம் இல்லை.

நாங்கள் தினமும் நடப்பவர்கள். காலையில் கடற்கரைச் சாலையில் ஒரு மணி நேரம் நடக்கிறோம். இது போதாதா?

மூச்சுக்குப் போதும், தொடைக்கும் முழங்காலுக்கும் போதாது. வடசென்னை கடல் மட்டத்திலிருந்து சில மீட்டர் உயரத்தில் தட்டையாகக் கிடக்கும் நிலம். மேம்பாலமும் ரயில் நிலையப் படிக்கட்டும்தான் நமக்கு ஏற்றம். செங்குன்றத்திலேயே ஏரிதான் இருக்கிறது. மலை என்று சொல்லும்படி நம் பக்கத்தில் உயர்ந்து நிற்பது கொடுங்கையூர் குப்பைமேடு ஒன்றுதான். அதில் ஏறி இறங்குகிறவர்கள் பிழைப்புக்காக ஏறுகிறவர்கள்.

போவதற்கு மூன்று நான்கு வாரம் முன்பிருந்தே வீட்டுப் படியிலோ ரயில் நிலையப் படியிலோ ஏறி இறங்கிப் பழகுங்கள். இறங்குவதையும் விடாமல் செய்யுங்கள். ஏறும்போது மூச்சு வாங்கும், அவ்வளவுதான். இறங்கும்போதுதான் தொடைத் தசை உடலின் எடையைத் தாங்கித் தாங்கி விட வேண்டியிருக்கிறது. மாலையில் கால் நடுங்குவது அதனால்தான். அதிகம் பேர் சறுக்கி விழுவதும் இறக்கத்தில்தான்.

பக்கத்தில் எங்கே போகலாம்?

நான் முதலில் சொல்வது குடியம் குகைகள். திருவள்ளூர் மாவட்டத்தில், பூண்டி ஏரியைத் தாண்டி, அல்லிக்குழி மலைப்பகுதியில் இருக்கின்றன. மாதவரம், செங்குன்றம், ஜனப்பன்சத்திரம், பெரியபாளையம், ஊத்துக்கோட்டை என்று சாலை வழியாகப் போகலாம். பெரம்பூரிலோ வியாசர்பாடி ஜீவாவிலோ அரக்கோணம் மார்க்க மின்சார ரயில் ஏறித் திருவள்ளூரில் இறங்கி, அங்கிருந்து பஸ்ஸிலோ வண்டியிலோ பூண்டி போவது இன்னொரு வழி. குடியம் ஊரிலிருந்து குகைக்குக் காட்டுப் பாதை. போய்வர ஏறக்குறைய எட்டு, ஒன்பது கிலோமீட்டர். செங்குத்தான ஏற்றம் அதிகம் கிடையாது. அதனாலேயே “இது என்ன பெரிய மலை” என்று எல்லோரும் ஏமாறுகிறார்கள்.

நேரத்தைத் தின்பது அந்தப் பாதையின் கல். அந்த மலையே உருண்டைக் கற்கள் இறுகிச் சேர்ந்த பாறையால் ஆனது. அந்தப் பாறை சிதைந்து, முட்டை அளவிலிருந்து தேங்காய் அளவு வரை கூழாங்கற்கள் வழியெல்லாம் இறைந்து கிடக்கின்றன. காலை வைத்தால் கல் உருளும், கணுக்கால் மடங்கும். ரப்பர் செருப்பு போட்டு வந்த பிள்ளை பத்தடிக்கு ஒரு முறை நிற்கும். ஒரு மணி நேரத்தில் வார் பிய்ந்துவிடும். பிறகு யாரோ ஒருவர் தாவணி ஊக்கைக் கழற்றிச் செருப்புக்கு அடியில் குத்தி வாரை மாட்டுவார். அது முக்கால் மணி நேரம் தாங்கும். குதிகாலைப் பிடிக்கும் பின்பட்டை உள்ள காலணி வேண்டும் என்று நான் நச்சரிப்பது இதற்காகத்தான்.

அந்தக் கற்களை அலட்சியமாகவும் பார்க்காதீர்கள். ஆதி மனிதன் கோடரி செய்தது இந்த வகைக் கல்லில்தான். 1863-இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்தார். அதே ஆண்டில் அவரும் வில்லியம் கிங்கும் பூண்டிக்கு அருகே அத்திரம்பாக்கத்தில் மேலும் பல கருவிகளைக் கண்டார்கள். இந்தியாவின் தொல்பழங்கால ஆய்வு தொடங்கியது அந்தக் கல்லிலிருந்துதான். அத்திரம்பாக்கத்தில் சாந்தி பப்புவும் அவருடைய குழுவினரும் செய்த ஆய்வு, அங்கே கிடைத்த ஒரு வகைக் கருவிகளின் காலத்தை ஏறக்குறைய 3,85,000 ஆண்டுகளுக்கு முன் என்று 2018-இல் வெளியிட்டது. குடியம் குகையும் அந்த மனிதர்கள் ஒதுங்கிய இடங்களில் ஒன்று. நமக்கு இதில் உறவும் உண்டு. அந்தப் பக்கமெல்லாம் ஓடி வரும் கொசஸ்தலை ஆறு கடைசியில் கடலில் சேர்வது எண்ணூரில். கல்லைப் பாருங்கள், பிள்ளைகளுக்குக் காட்டுங்கள், ஆனால் பையில் போட்டுக்கொண்டு வராதீர்கள். பூண்டியில் தொல்பழங்கால அருங்காட்சியகம் இருக்கிறது. மலையிலிருந்து இறங்கிய பிறகு நேரம் மிஞ்சினால் அங்கே போகலாம். மிஞ்சாது என்பது வேறு விஷயம்.

இன்னொன்று, எல்லைக்கு அப்பால் ஆந்திரத்தில் இருக்கும் உப்பலமடுகு. நம் ஊரில் தடா அருவி என்றால்தான் தெரியும். கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் வழியாகச் சூளூர்பேட்டை வரை போகும் ரயிலில் தடா நிலையம் வருகிறது. அதனால் அருவி ஸ்டேஷனுக்குப் பின்பக்கம் இருப்பதாக நினைத்துவிடுகிறார்கள். அங்கிருந்து வரதையபாளையம் பக்கமாகச் சாலைப் பயணமே இன்னும் நிறைய இருக்கிறது. பிறகுதான் நடை. அதுவும் ஓடைப் பாறைகளின் மேல். சிறு குழந்தைகளோடு முதல் முறை போகிறவர்களுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

அனுமதி வாங்க வேண்டுமா? காட்டுக்குள் நடக்க யாரைக் கேட்க வேண்டும்?

கேட்டுத்தான் ஆக வேண்டும். 2018 மார்ச் 11-ஆம் தேதி தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி, மலையேறப் போன இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சென்னையிலிருந்து போனவர்களும் அதில் உண்டு. அதன் பிறகு தமிழ்நாட்டு அரசு மலையேற்றத்துக்கென்று தனி விதிகளைக் கொண்டுவந்தது. 2024-இல் ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்ற பெயரில் வனத்துறை மூலம் 40 பாதைகளைத் திறந்து, இணையத்தில் முன்பதிவு முறையையும் ஏற்படுத்தியது. குடியம் குகைப் பாதையும் அதில் இருக்கிறது. வழிகாட்டியோடுதான் நடை. காட்டுத்தீ காலத்தில் பாதைகளை மூடுவார்கள். குழந்தைகளுக்கு வயது விதிகளும் உண்டு. எனவே வேனுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் முன்பதிவைப் பாருங்கள். இங்கே பலர் தலைகீழாகச் செய்கிறார்கள்.

அந்த வழிகாட்டி பெரும்பாலும் பக்கத்து ஊர்க்காரராக இருப்பார். “கொஞ்சம் சீக்கிரம் நடங்க” என்று அவர் சொன்னால் அதில் அர்த்தம் இருக்கிறது.

எத்தனை மணிக்குக் கிளம்பினால் சரியாக இருக்கும்?

கடிகாரத்தை மாலையிலிருந்து பின்னோக்கி ஓட்டுங்கள். சென்னைப் பக்கம் நவம்பர் கடைசியில் 5:40 மணிக்கே சூரியன் மறைந்துவிடுகிறது. ஜூலையில் 6:40 வரை வெளிச்சம் இருக்கும். ஒரே மலை, ஒரே குடும்பம், ஒரு மணி நேர வித்தியாசம். ஆனால் குளிர்ச்சியாக இருக்கிறது என்று எல்லோரும் கிளம்புவது நவம்பர், டிசம்பரில்தான். மேலும் நாம் பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால் அந்தி குறுகியது. சூரியன் விழுந்து இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் பாதை தெரியாமல் போகும். மரத்தடியில் அதற்கும் முன்பே.

நான் சொல்லும் முறை இது. நடைக்கு ஒதுக்கிய மொத்த நேரத்தை மூன்றாகப் பிரியுங்கள். ஏற ஒரு பங்கு, இறங்க ஒரு பங்கு. மூன்றாவது பங்கைத் தொடாதீர்கள்; அது அறுந்த செருப்புக்கும் அழுகிற குழந்தைக்கும் ஆனது. காலை 8 மணிக்கு நடக்கத் தொடங்கி மாலை 3 மணிக்குள் வேனுக்குத் திரும்ப வேண்டும் என்றால் ஏழு மணி நேரம். அப்படியானால் 10:20-க்கு எங்கே இருந்தாலும் திரும்ப வேண்டும். குகை கண்ணுக்குத் தெரிந்தாலும் சரி.

எட்டு மணிக்கு அடிவாரத்தில் நிற்க வேண்டுமானால் வீட்டை விட்டு ஐந்தரைக்குக் கிளம்ப வேண்டும். “நான்கு மணிக்கு எழுந்து எட்டு மணிக்குத்தானே கிளம்பினோம்” என்று சொல்லும் குடும்பங்களை எனக்குத் தெரியும். நடுவில் இருந்த நான்கு மணி நேரம் இட்லிக்கும் மிளகாய்ப் பொடிக்கும் போனது. முதல் நாள் இரவே கட்ட வேண்டியதைக் கட்டிவிடுங்கள்.

பாதியில் திரும்பச் சொன்னால் வீட்டில் சண்டை வருமே?

வரும். “இவ்வளவு தூரம் வந்துவிட்டு…” என்று தொடங்கும் வாக்கியம் எல்லாக் குடும்பத்திலும் உண்டு. பெரும்பாலும் மாமாவோ சித்தப்பாவோதான் அதைச் சொல்வார்; வேன் வாடகை கொடுத்தவரும் அவராகவே இருப்பார். அந்த நேரத்தில், அந்தப் பாறையில் நின்றுகொண்டு பேசி முடிவெடுக்க முடியாது. முடிவு வீட்டிலேயே, முதல் நாள் இரவே, எல்லோர் முன்னிலையிலும் ஆகியிருக்க வேண்டும்.

திரும்பும் நேரத்தைக் காக்கும் பொறுப்பை, உச்சியை அடையத் துடிக்காத ஒருவரிடம் கொடுங்கள். எட்டாவது படிக்கும் பெண் பிள்ளையின் கையில் கடிகாரத்தைக் கட்டிவிட்டு “பத்து இருபதுக்கு நீ சொன்னால் தாத்தாகூடத் திரும்பணும்” என்று சொல்லிப் பாருங்கள். பத்து பதினைந்துக்கே அவள் குரல் கொடுக்க ஆரம்பித்துவிடுவாள். பெரியவர் பேச்சை மறுத்துப் பேசும் அண்ணன்கள்கூட அவளிடம் மறுத்துப் பேசுவதில்லை.

சிலர் “வேகமாக நடப்பவர்கள் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும், நாங்கள் இங்கேயே இருக்கிறோம்” என்பார்கள். இரண்டு பக்கமும் பெரியவர் ஒருவர், செல்போன் ஒன்று, தண்ணீர் இருந்து, சந்திக்கும் இடமும் நேரமும் பேசி வைத்திருந்தால் மட்டும் சரி. வழிகாட்டி ஒருவர்தான் என்றால் பிரியவே வேண்டாம். தாமதம் ஆபத்தாக மாறிய பல கதைகள் இப்படிப் பிரிந்த இடத்தில்தான் தொடங்குகின்றன.

ஆயாவுக்கு முழங்கால் வலி, அப்பாவுக்குச் சர்க்கரை. அழைத்துப் போகலாமா?

ஆயா விருப்பப்பட்டால் ஒரு கைத்தடியோடு சமதளமான முதல் கிலோமீட்டர் வரை வரட்டும். பிறகு யாராவது ஒருவர் அவரோடு திரும்ப வேண்டும். தனியாக ஒரு மரத்தடியில் உட்காரவைத்துவிட்டு “இதோ வந்துவிடுகிறோம்” என்று போகாதீர்கள். அந்த ‘இதோ’வுக்கு நான்கு மணி நேரம் ஆகும்.

அப்பா விஷயத்தில்தான் தாமதத்தின் உண்மையான ஆபத்து இருக்கிறது. சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு, ஒரு மணிக்குச் சாப்பிட வேண்டியவர் மூன்றரைக்குச் சாப்பிட்டால், வழக்கத்தைவிட அதிகமாக நடந்தும் இருந்தால், ரத்தத்தில் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடலாம். வேர்வை, கை நடுக்கம், படபடப்பு, காரணமில்லாத எரிச்சல், பேச்சுக் குழறல் ஆகியவை அறிகுறிகள். வெயிலில் எல்லோருக்கும்தான் வேர்க்கிறது என்பதால் இதை யாரும் கவனிப்பதில்லை. அமைதியான மனிதர் திடீரென்று எரிந்து விழுந்தால் சண்டைக்குப் போகாமல், நினைவோடு இருக்கும்போதே மூன்று தேக்கரண்டி சர்க்கரையையோ குளுக்கோஸையோ தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். பதினைந்து நிமிடத்தில் தெளியவில்லை என்றால் மீண்டும் அதே அளவு. தெளிந்த பிறகு பிஸ்கெட்டோ சோறோ. நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, உடனே 108. அன்றைய மாத்திரை அளவைப் பற்றி முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. அவருடைய சாப்பாட்டுப் பொட்டலம் அவருடைய தோள் பையிலேயே இருக்க வேண்டும். எல்லாச் சாப்பாடும் பின்னால் வரும் ஒருவர் முதுகில் இருப்பது தவறு.

எவ்வளவு தண்ணீர், என்ன சாப்பாடு?

வெயிலில் நடக்கும் பெரியவர் ஒருவருக்கு மணிக்கு அரை லிட்டராவது வேண்டும். ஐந்து மணி நேரத்துக்கு இரண்டரை லிட்டர். பத்துப் பேருக்கு 25 லிட்டர். அதாவது வீட்டுக்கு வரும் 20 லிட்டர் கேனைவிட அதிகம். லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நின்றவர்களுக்கு இந்த எடையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஆளுக்கு ஆள் சுமக்க வேண்டும். ஓடைத் தண்ணீரை நம்பிக் கிளம்பாதீர்கள்.

தாமதமானால் தண்ணீர் மட்டும் போதாது, உப்பும் வேண்டும். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் மருந்துக் கடையில் கிடைக்கும். இல்லையென்றால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பு கூடிவிடக் கூடாது.

சாப்பாட்டில் புளிச்சோறும் எலுமிச்சைச் சோறும் மாலை வரை தாங்கும். தயிர்ச் சோறு வெயிலில் புளித்துவிடும். முறுக்கு தாகத்தை இழுக்கும். கடலை மிட்டாய், பேரீச்சை, வாழைப்பழம் நல்லவை. பர்மா பஜார் பக்கத்து அத்தோவை, அதாவது பர்மிய நூடுல்ஸைப் பொட்டலம் கட்டி எடுத்துப் போகலாமா என்று ஒருவர் கேட்டார். அத்தோவின் மேல் மரியாதை உள்ளவர்கள் அதைச் செய்ய மாட்டார்கள்.

குழந்தை “நடக்க மாட்டேன்” என்று உட்கார்ந்துவிட்டால்?

தூக்குங்கள். தூக்க ஆள் இல்லையென்றால் திரும்புங்கள்.

மழை, ஓடை, அருவி: எதில் கவனம்?

அக்டோபர் முதல் டிசம்பர் வரை நமக்கு வடகிழக்குப் பருவமழை. நீங்கள் நிற்கும் இடத்தில் தூறல்கூட இல்லாதபோதே, மேலே பெய்த மழையால் ஓடை பெருகி வரும். காலையில் கணுக்கால் அளவு தண்ணீரில் கடந்த ஓடை மாலையில் இடுப்பளவு இருந்தால் கடக்காதீர்கள். கயிறு கட்டிக்கொண்டும் வேண்டாம். கலங்கிய தண்ணீரும் மிதந்து வரும் சருகும் முதல் எச்சரிக்கை. பெரும்பாலும் மழை நின்ற சில மணி நேரத்தில் வடிந்துவிடும். காத்திருப்பதுதான் வழி. தாமதம் நல்லதாக மாறும் இடம் இது ஒன்றுதான்.

அருவிக் குட்டைகளில் ‘ஆழமில்லை’ என்ற பேச்சை நம்ப வேண்டாம். கடலோரத்தில் வளர்ந்த பிள்ளைகள் நீச்சல் தெரியும் என்று குதிப்பார்கள். பாறைக் குட்டையில் அடியில் என்ன இருக்கிறது என்பது கடல் நீச்சல்காரனுக்கும் தெரியாது.

இருட்டிவிட்டது, இன்னும் பாதையில் இருக்கிறோம். என்ன செய்வது?

முதலில் நில்லுங்கள். எல்லோரையும் ஓரிடத்தில் சேர்த்துத் தலையை எண்ணுங்கள். பெயர் சொல்லி எண்ணுங்கள். எண்ணிக்கை மட்டும் என்றால் யாராவது தன்னை விட்டுவிட்டு எண்ணுவார்.

தண்ணீர் குடித்து, மிச்சமிருக்கும் தின்பண்டத்தைப் பங்கு போட்டுச் சாப்பிடுங்கள். பசியோடு எடுக்கும் முடிவு அவசர முடிவாக இருக்கும். பிறகு ஒரே ஒரு கேள்வி: நாம் நிற்பது பாதைதானா என்பதில் சந்தேகம் இருக்கிறதா?

சந்தேகம் இல்லையென்றால் மெதுவாக இறங்கலாம். வழி தெரிந்தவர் முன்னே, மிக மெதுவாக நடப்பவர் அவருக்கு அடுத்து, வலுவுள்ள ஒருவர் கடைசியில். குழந்தைகள் நடுவில். முன்னே ஒரு வெளிச்சம், பின்னே ஒரு வெளிச்சம் போதும். பத்துச் செல்போன்களையும் ஒரே நேரத்தில் எரியவிட்டால் ஒரு மணி நேரத்தில் பத்தும் படுத்துவிடும். இரண்டை மட்டும் எரியவிட்டு மற்றவற்றை அணைத்து வைத்து மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். தலையில் மாட்டும் டார்ச் ஒன்று இருந்தால் இத்தனை பேச்சு தேவையில்லை. அது பகல் நடைக்கும் பையில் இருக்க வேண்டிய பொருள்.

சந்தேகம் இருந்தால் நகராதீர்கள். குறுக்கு வழி தேடாதீர்கள். தண்ணீர் கீழேதானே போகும் என்று ஓடையைப் பிடித்து இறங்குவது இருட்டில் செய்யக் கூடாத காரியம். ஓடை பாறை விளிம்பில்தான் அருவியாகிறது. பாறைச் சரிவில்லாத, தண்ணீர் வழியில்லாத இடமாகப் பார்த்து நெருங்கி உட்காருங்கள். தேடி வருபவர்களுக்கு, ஓரிடத்தில் இருப்பவர்களைக் கண்டுபிடிப்பது எளிது. தாமதத்துக்குக் காரணம் யார் என்ற விசாரணையை அங்கே தொடங்க வேண்டாம்; அதற்குத்தான் வேனில் வழி நெடுக நேரம் இருக்கிறதே.

உதவிக்கு 112. பேச்சு துண்டித்துப் போனால் குறுஞ்செய்தி அனுப்புங்கள். சிக்னல் மெலிந்த இடத்திலும் அது போய்ச் சேர வாய்ப்பு உண்டு. இணையம் இல்லாவிட்டாலும் செல்போன் செயற்கைக்கோள் மூலம் இருக்கும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைக் காட்டும்; அந்த எண்களைப் படித்துச் சொல்லலாம். இந்த மலைகள் இரு மாநில எல்லையில் இருக்கின்றன. எந்த மாநிலம், எந்த ஊர் வழியாக ஏறினீர்கள், மொத்தம் எத்தனை பேர், யாருக்கு அடி என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். பத்து ரூபாய் விசில் ஒன்றைப் பிள்ளைகள் கழுத்தில் மாட்டிவிடுவதும் நல்லது. தொண்டை ஓய்ந்த பிறகும் அது ஓயாது. பகலில் அதை ஊதி ஊதி உங்கள் உயிரை எடுப்பார்கள், அதற்கு என்னிடம் வழி இல்லை.

பாம்பு பயம் இருக்கிறது.

இருக்க வேண்டியதுதான். இருட்டில் வெளிச்சமில்லாமல், வெறுங்காலோடு நடப்பதுதான் பெரிய ஆபத்து. பார்க்காத இடத்தில் கையை வைக்காதீர்கள், காலை வைக்காதீர்கள்.

கடித்துவிட்டால் கட்டுப் போட வேண்டாம், கீற வேண்டாம், உறிஞ்ச வேண்டாம், பாம்பைத் தேடி அடிக்க வேண்டாம். மோதிரம், வளையல், கொலுசைக் கழற்றுங்கள். கடிபட்ட கை காலை அசையாமல் வைத்து ஆளைத் தூக்கிக்கொண்டு வாருங்கள். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் ஒரே நச்சுமுறி மருந்துதான் இந்தியாவில் கொடுக்கிறார்கள். அதற்கான நஞ்சைச் சேகரிப்பவர்களில் முக்கியமானவர்கள், 1978-இல் தொடங்கி இன்று வடநெம்மேலியில் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தினர். நம் பக்கத்து மாவட்டத்து மனிதர்களின் கைவேலை பல ஊர்களில் உயிர் காக்கிறது.

ஒரு பழக்கத்தை மட்டும் விட வேண்டும். வடசென்னையில் யாருக்கு என்ன ஆனாலும் வண்டியை நேராக ஸ்டான்லி மருத்துவமனைக்கு விடுவோம். மலையடிவாரத்திலிருந்து அவ்வளவு தூரம் வரக் கூடாது. 108-ஐ அழைத்து, நச்சுமுறி மருந்து இருக்கும் மிக அருகிலுள்ள அரசு மருத்துவமனை எது என்று கேட்டு அங்கே போங்கள்.

வீட்டில் இருப்பவர்கள் எத்தனை மணிக்குக் கவலைப்படத் தொடங்க வேண்டும்?

போகிறவர்கள் அதைச் சொல்லிவிட்டுப் போக வேண்டும். “சாயந்திரம் வந்துடுவோம்” என்பது பதில் இல்லை. பக்கத்து வீட்டு அக்காவிடமோ வராத பெரியப்பாவிடமோ ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: எந்த மலை, எந்த ஊர் வழியாக, எத்தனை பேர், வேன் எண், ஓட்டுநர் எண், வழிகாட்டி எண், வேனுக்குத் திரும்பும் நேரம். அதற்குக் கீழே இன்னொரு நேரம்: “இதற்குள் போன் வராவிட்டால் அழையுங்கள்.” முதல் நேரம் மாலை 3 என்றால் இரண்டாவது 5. இருட்டுவதற்கு முன் தேடத் தொடங்க அவகாசம் வேண்டும் அல்லவா? இரண்டாவது நேரம் தாண்டியதும் முதலில் ஓட்டுநருக்கு, பிறகு வழிகாட்டிக்கு, பிறகு 112. உறவினர் வாட்ஸப் குழுவில் போடுவது கடைசி. அதை முதலில் செய்தால் நாற்பது பேர் மாறி மாறி அழைத்து, மலையில் இருப்பவரின் செல்போனில் மிச்சமிருக்கும் சார்ஜையும் தீர்த்துவிடுவார்கள்.

இறங்கியதும் நீங்களும் அந்தத் தாளை வைத்திருப்பவருக்கு முதலில் போன் செய்யுங்கள். டீ அப்புறம்.

பஸ்ஸில் போனால் திரும்ப வண்டி கிடைக்குமா?

கிராமத்துப் பஸ் நம் ஊர் மாநகரப் பஸ் போல அடுத்தடுத்து வராது. காலையில் இறங்கும்போதே நடத்துநரிடம் கடைசி இரண்டு வண்டிகளின் நேரத்தைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கடைசி வண்டியை நம்பித் திட்டமிடாமல் அதற்கு முந்தைய வண்டியை வைத்துத் திட்டமிடுங்கள். இரண்டும் போய்விட்டால் ஊரில் டீக்கடையில் கேட்டால் ஷேர் ஆட்டோவோ லோடு வண்டியோ யாராவது ஏற்பாடு செய்வார்கள். திருவள்ளூர் வந்துவிட்டால் பிறகு ரயில் இருக்கிறது.

மறுநாள் கால் வலி எவ்வளவு நாள் இருக்கும்? பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பலாமா?

பழக்கமில்லாத தசைக்கு வலி உடனே முழுதாக வராது. இரண்டாம், மூன்றாம் நாளில்தான் உச்சத்துக்குப் போகும். ஒரு வாரத்துக்குள் தானே அடங்கும். மெதுவாக நடந்துகொண்டே இருந்தால் சீக்கிரம் சரியாகும். படுத்தே கிடந்தால் பிடித்துக்கொள்ளும். ஒரே காலில் மட்டும் வீக்கமோ, மூட்டில் ஊன்ற முடியாத வலியோ, சிறுநீர் கறுத்த தேநீர் நிறத்திலோ இருந்தால் மருத்துவரைப் பாருங்கள்.

பிள்ளைகள் திங்கட்கிழமை காலை துள்ளிக்கொண்டு எழுந்துவிடுவார்கள், தாராளமாக அனுப்பலாம். பெரியவர்கள் செவ்வாய்க்கிழமைக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் போவது நல்லது. அன்றைக்குத்தான் பேசின் பிரிட்ஜ் ஸ்டேஷன் படிக்கட்டில் பக்கவாட்டாக இறங்குவீர்கள்.